எறும்புக்குக் கூடு வாங்கும் முன்: பினாங்கு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

எறும்பு வளர்க்க ஆசை வந்தவுடன் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது ஷாப்பியைத் திறப்பதுதான். அங்கே அக்ரிலிக்கில் மாடி மாடியாக வெட்டிய கூடுகள், செயற்கைப் புல், குட்டி ஏணி, நீலக் கல் எல்லாம் வைத்து அழகாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது, உடனே வாங்கிவிடுகிறோம். எறும்பு இன்னும் கைக்கு வரவில்லை, எந்த எறும்பு வரப்போகிறது என்றும் தெரியாது, ஆனால் வீடு தயார். இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் எறும்பு, அடுத்து அது இருக்கப்போகும் அறை, கூடு கடைசியில்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் எறும்பு வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியது. சூடேற்றும் கம்பி வாங்கு, குளிர்காலத்தில் சில மாதம் உறங்க விடு, கூடு காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. பினாங்கில் பகலில் 31, 32 டிகிரி அடிக்கிறது, இரவில் 23க்குக் கீழே இறங்குவது அபூர்வம், காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. சூடேற்றவும் வேண்டாம், உறங்க வைக்கவும் வேண்டாம். நம் தலைவலிகள் வேறு: பூசணம், வியர்த்து வழியும் கூடு, கொசு மருந்துப் புகை, அப்புறம் வீட்டில் ஏற்கெனவே வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பொடி எறும்புகள். இந்த நாலையும் சமாளிக்கிற கூடுதான் நமக்கு நல்ல கூடு, படத்தில் எப்படி இருக்கிறது என்பது அப்புறம்.

முதல் படி: எந்த எறும்பு என்று முடிவு செய்யுங்கள்

நல்ல மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், வாசல் விளக்கடியில் சிறகு முளைத்த பூச்சிகள் வந்து விழும். அதில் நிறைய ஈசலாக இருக்கும், அதாவது கறையான். ராணி எறும்பைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும், முன் சிறகு பின் சிறகைவிடப் பெரிது. ஈசலுக்கு இடுப்பே தெரியாது, நாலு சிறகும் ஒரே அளவு. சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் பரபரவென்று இடம் தேடி ஓடும் ராணி கிடைத்தால் அதைப் பிடியுங்கள், பெரும்பாலும் இணை சேர்ந்துவிட்டதாக இருக்கும். வீட்டைச் சுற்றியே போதுமான அளவு கிடைக்கும், அதனால் தெலுக் பஹாங் தேசியப் பூங்கா, காப்புக்காடு பக்கமெல்லாம் எறும்பு பிடிக்கக் குழாயோடு போகாதீர்கள். வெளிநாட்டு இனங்களை அஞ்சலில் வரவழைப்பதும் வேண்டாம். அதற்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம், நம் வெப்பத்தில் ஒன்று தப்பினால் ஊரையே பிடித்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு பக்கம்.

முதல்முறை வளர்ப்பவருக்கு என் ஓட்டு கட்டெறும்புக்கு. கேம்போனோட்டஸ் என்ற பேரினம், பட்ட மரத்திலும் பழைய ஜன்னல் சட்டத்திலும் குடியிருக்கும் பெரிய எறும்பு. ராணி தன்னை அடைத்துக்கொண்டு, சிறகுத் தசையையும் உடல் கொழுப்பையும் கரைத்தே முதல் தலைமுறையை வளர்த்துவிடும், அதுவரை தீனி வேண்டாம். ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். உடம்பு பெரிது, வலைக்கண் வழியாக நழுவாது. கொட்டாது, ஆனால் கடித்துவிட்டு அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைத் தெளிக்கும், சுருக்கென்று எரியும், அவ்வளவுதான். அநேகமாக எந்தக் கூடும் இதற்குப் பொருந்தும், ஒரு மூலையில் ஈரம் இருந்தால் சரி.

பூந்தொட்டிக்கு அடியிலும் தோட்ட மண்ணிலும் இருக்கும் ஓடோன்டோமாக்கஸ் கதை வேறு. நீளமான தாடையை 180 டிகிரி விரித்துக்கொண்டு நடக்கும், எதாவது பட்டால் படக்கென்று மூடும். இந்தப் பேரினத்தில் ஓர் இனத்தின் தாடை மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மூடுவதை அளந்திருக்கிறார்கள். அதே தாடையைத் தரையில் அடித்துத் தன்னையே பின்னால் தூக்கி எறிந்துகொள்ளவும் இதற்குத் தெரியும், ஆக மூடியில்லாத பெட்டி நினைத்துப் பார்க்க முடியாது. கூடு விஷயத்தில் இரண்டு நிபந்தனை. ராணி முதல் நாளிலிருந்தே இரை தேடி வெளியே வரும், எனவே ராணியை வைக்கும் குழாயோடு ஒரு சிறு பெட்டி இணைந்திருக்க வேண்டும். புழுக்கள் பட்டுக்கூடு கட்ட மண் துகள்களைப் பிடிமானமாகப் பயன்படுத்தும், எனவே வழுவழுப்பான அக்ரிலிக் தரை மட்டும் கொடுத்தால் காலனி வளராது. தரையில் மண் தூவியே ஆக வேண்டும். கொட்டவும் செய்யும், நல்லா வலிக்கும்.

முசுறு, மலாயில் கெரங்கா, எல்லாருக்கும் பிடித்த எறும்புதான், மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் பார்த்திருப்பீர்கள். இதற்காக எந்தக் கூட்டையும் வாங்காதீர்கள். இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்களையே கையில் தூக்கி வைத்து அவை விடும் பட்டு நூலால் தைத்துக்கொள்ளும் இனம் இது, நீங்கள் கொடுக்கும் அறையெல்லாம் இரண்டாம்பட்சம். கண்ணாடியில் சர்வசாதாரணமாக ஏறும், வளர்ந்த காலனி பல மரங்களில் பரவி லட்சக்கணக்கில் இருக்கும். அடுக்குமாடி வீட்டுக்குள் இது சரிப்படாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெருப்பெறும்பு என்கிற சோலெனாப்சிஸ் ஜெமினாட்டா சின்னது, கொட்டும், பிளாஸ்டரைச் சுரண்டி வெளியேறும், பழகியவர்களுக்கு மட்டும். கேரபாரா டைவர்சா பார்க்கப் பிரமிப்பாக இருக்கும், ஒரே காலனியில் கடுகளவு வேலையாளும் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு எடையுள்ள பெரிய வேலையாளும் இருப்பார்கள், ஆனால் கூட்டம் பெருகும் வேகத்துக்கு உங்களால் கூடு வாங்கிக் கட்டுப்படியாகாது. டயகாமாவில் ராணி என்ற தனி வகையே கிடையாது, வேலையாளில் ஒன்றுதான் முட்டையிடும், ஆக விளக்கடியில் காத்திருந்து பயனில்லை. காட்டுக்குள் இருக்கும் 2, 3 சென்டிமீட்டர் நீள ராட்சத எறும்பு டைனோமைர்மெக்ஸ் கீகாஸ் காட்டிலேயே இருக்கட்டும். சமையலறையில் ஓடும் மங்கலான பொடி எறும்பும், வெளிர் மஞ்சள் பார்வோன் எறும்பும் வளர்ப்பதற்கில்லை, அவற்றைப் பிறகு எதிரிப் பட்டியலில் பார்ப்போம்.

இரண்டாம் படி: அறையைப் பாருங்கள்

கூட்டை எங்கே வைப்பீர்கள் என்று முடிவாகாமல் எந்தப் பொருள் நல்லது என்று சொல்ல முடியாது. இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் படுக்கையறையில் காற்று காய்ந்திருக்கும், அங்கே ஈரம் உறிஞ்சிவைக்கும் பிளாஸ்டர் நல்லது. மின்விசிறி மட்டும் சுழலும் வரவேற்பறையில் அதே பிளாஸ்டர் ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கலாம். பகலில் வெக்கை, இரவில் ஏர்கோன் என்று மாறி மாறி இருக்கும் அறைதான் மோசம், கூட்டின் சுவரெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் எந்தக் கூட்டுக்கும் ஆகாது, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் சாயங்கால வெயில் அரை மணி நேரம் பட்டாலே எறும்பு வெந்துவிடும். சலவை இயந்திரம், ஒலிபெருக்கி, அடிக்கடி அறையும் கதவு, இவற்றின் பக்கத்திலும் வேண்டாம். எறும்புக்கு அதிர்வு பிடிக்காது, ராணி முட்டையைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்.

கொசுவர்த்தி, மின்சார கொசு மாத்திரை, பூச்சி மருந்து ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடென்றால் அந்த நேரத்துக்குக் கூட்டை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். இதைவிட முக்கியம் டிங்கிக்கான புகை மருந்து. உங்கள் தாமானில் யாருக்காவது டிங்கி என்றால் புகை அடிக்க வருவார்கள், அது கொசுவை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. அறிவிப்பு வந்தவுடன் கூட்டை அப்படியே தூக்கி, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, உள்ளறையில் கதவை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்து, புகை அடங்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்துக்கு உள்ளே இருக்கும் காற்று அவற்றுக்குப் போதும். இதிலிருந்து கூடு வாங்குவதற்கு ஒரு விதி கிடைக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது: ஒரே ஆள், ஒரே தடவையில், குழாய் எதுவும் கழன்றுவிடாமல் தூக்கிப் போகக்கூடிய அளவில்தான் கூடு இருக்க வேண்டும். சுவரில் திருகி மாட்டுகிற கூடுகள் அழகுதான், புகை மருந்து வண்டியின் சத்தம் கேட்கும்போது அழகு உதவாது.

மூன்றாம் படி: டெஸ்ட் டியூபில் ஆரம்பியுங்கள்

ராணி மட்டும் இருக்கும்போதும், முதல் பத்து இருபது வேலையாள் வந்த பிறகும், கூடு என்றால் டெஸ்ட் டியூப்தான். பெரிய எறும்புக்கு 20 மில்லிமீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் நீளம், சின்ன எறும்புக்கு 16க்கு 150 போதும். மூன்றில் ஒரு பங்கு ஆறவைத்த கொதிநீர் ஊற்றி, பஞ்சை இறுக்கமாகத் தள்ளி நீரைத் தொடும்வரை கொண்டுபோங்கள். பஞ்சின் மேல் தண்ணீர் தேங்கக் கூடாது, ஈரமாக மட்டும் இருக்க வேண்டும். ராணியை விட்டு, வாயை இன்னொரு பஞ்சால் அடைத்து, இருட்டான இடத்தில் சமமாகப் படுக்கவைத்துவிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் நீர்ப்பக்கம் மாட்டிக்கொண்ட காற்று விரிந்து தண்ணீரைப் பஞ்சு வழியாக வெளியே தள்ளும், ராணி மூழ்கும்.

இந்த ஏழை ஏற்பாட்டைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2025இல் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்களே, அவர்கள் அவற்றை வைத்திருந்தது பஞ்சு அடைத்த 2,000க்கும் மேற்பட்ட குழாய்களில்தான். அப்படி வைத்தால் எறும்புகள் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும் என்று அந்நாட்டு அதிகாரிகளே சொன்னார்கள். அவர்கள் செய்தது திருட்டு, குழாய் பற்றிய கணக்கு மட்டும் சரி.

குழாயிலிருந்து எப்போது மாற்றுவது? கட்டெறும்பென்றால் 20, 30 வேலையாள் சேரும்வரை காத்திருங்கள். குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற அளவுக்கு நெரிசல் தெரிந்தால், அல்லது தண்ணீர் தீரப்போனால், அல்லது பஞ்சு கறுத்துப் போனால் நேரம் வந்துவிட்டது. பஞ்சு கொஞ்சம் மஞ்சளாவதற்கெல்லாம் பதற வேண்டாம்.

நான்காம் படி: எந்தப் பொருளில் செய்த கூடு

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும், ஒவ்வொன்றாகப் போவோம்.

அக்ரிலிக் தெளிவாகத் தெரியும், எறும்பால் கடித்துத் துளைக்க முடியாது, நம் ஊரில் லேசரில் வெட்டிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அதன் குறை ஒன்றுதான், அது பெரிய குறை: ஒரு சொட்டு ஈரத்தைக்கூட உறிஞ்சாது. உள்ளே போன ஈரமெல்லாம் சுவரில் துளியாக நிற்கும், சின்ன எறும்பு அதில் ஒட்டிக்கொண்டு சாகும். அதனால் நீருக்குத் தனி அறையும், அதற்கும் எறும்பு அறைக்கும் நடுவில் வலையோ பிளாஸ்டர் பட்டையோ, திறந்து மூடக்கூடிய காற்றுத் துளையும் உள்ள அக்ரிலிக் கூட்டை மட்டும் பாருங்கள். புதுக் கூட்டில் ஒட்டுப் பசையின் வாடை இருக்கும், வாடை முற்றிலும் போகும்வரை சில நாள் திறந்து வையுங்கள்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரத்தை உறிஞ்சி மெதுவாக விடும். இது புது யோசனை இல்லை, பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்ல் ஜானே பிளாஸ்டரில் வார்த்த எறும்புக் கூடுகளை 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே வைத்திருந்தார், ஒரு முனை ஈரம், மறு முனை காய்ந்தது என்கிற அமைப்பும் அவருடைய கூடுகளில் இருந்தது. வீட்டில் செய்வதும் சுலபம். தட்டையான பெட்டியின் அடியில் குழந்தைகளின் களிமண்ணால் அறைகளையும் வழிகளையும் புடைப்பாக ஒட்டுங்கள். ஒரு கப் தண்ணீரில் சுமார் இரண்டு கப் மாவைத் தூவிக் கலக்கி, கட்டியில்லாமல் உடனே ஊற்றுங்கள், பெட்டியைத் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள். இறுகும்போது சூடாகும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் கவிழ்த்து, களிமண்ணை நோண்டி எடுத்து, நன்றாகக் காயும்வரை விடுங்கள், நம் ஈரக் காற்றில் இதற்கு ஒரு வாரமும் ஆகலாம். மிச்ச மாவுக் குழம்பைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது உங்கள் பாடு. பிளாஸ்டரின் குறைகள்: பூசணம் பிடிக்கும், சில வருடத்தில் கரைந்து இளகும், தாடை பலமுள்ள எறும்பு சுரங்கம் தோண்டும். பல்மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அச்சு எடுக்கப் பயன்படும் கடினமான பிளாஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கட்டுமான இடங்களில் பார்க்கும் எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்லும் நல்ல தேர்வு. பழைய ஸ்குரூ டிரைவராலேயே செதுக்கலாம், ஈரத்தை அருமையாகப் பிடித்துவைக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கல்லை நனைத்துவிட்டுச் செதுக்குங்கள், தூசு நுரையீரலுக்குக் கெடுதல். செதுக்கியதும் பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் காயவையுங்கள், சிமெண்டுக்குக் காரத்தன்மை உண்டு. எடைதான் தொல்லை.

முப்பரிமாண அச்சில் வரும் கூடுகள் இப்போது நிறைய. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டவை 60 டிகிரி அளவிலேயே இளகும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போனால் கதை முடிந்தது. அடுக்கடுக்கான கோடுகளில் அழுக்கும் பூசணமும் தங்கும். வாங்கினால் தரையில் பிளாஸ்டர் ஊற்றக்கூடிய மாதிரியாகப் பாருங்கள்.

மரமும் தக்கையும் கட்டெறும்புக்கு இயற்கையான வீடுதான், ஆனால் இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், கட்டெறும்பே அதைக் குடைந்து வெளியேயும் வரும். வேண்டாம்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே மண் நிரப்பிய கூடு, படங்களில் பார்த்து எல்லாரும் ஆசைப்படுவது இது. 1956இல் அமெரிக்காவில் மில்டன் லெவைன் விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் எறும்புப் பண்ணைதான் இதைப் பிரபலமாக்கியது, அதில் ராணி கிடையாது, வேலையாள் மட்டும், சில மாதத்தில் எல்லாம் செத்துப்போகும் பொம்மை. மண் கூட்டில் எறும்பு கண்ணாடியை ஒட்டித்தான் தோண்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, நடுவில் தோண்டிவிட்டால் நீங்கள் பார்ப்பது மண்ணை மட்டும். ஆனால் ஓடோன்டோமாக்கஸ் மாதிரி மண்வாசிகளுக்கு இதுவே சந்தோஷம். மணலோடு கொஞ்சம் களிமண் கலந்து, உரமோ பூச்சி மருந்தோ படாத மண்ணாகப் பாருங்கள். நர்சரியில் விற்கும் தொட்டி மண்ணில் உரம் இருக்கும்.

நீல நிற ஜெல் கூடு? சாப்பாடும் அதுவே, வீடும் அதுவே என்று விற்பார்கள். புரதம் இல்லாத சாப்பாட்டில் புழு வளராது. காசைச் சேமித்து ரொட்டி சானாய் சாப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால், பினாங்கு வீட்டுக்குப் பொருத்தமானது கலவைதான்: சுவரும் மூடியும் அக்ரிலிக் அல்லது கண்ணாடி, தரை மட்டும் மெல்லிய பிளாஸ்டர். பார்க்கத் தெளிவு, துளிகளை உறிஞ்சத் தரை, தோண்டினாலும் கீழே அக்ரிலிக் தடுக்கும். பிளாஸ்டர் பூசணம் பிடித்தால் தரையை மட்டும் மாற்றலாம்.

ஐந்தாம் படி: அளவு

பெரிய கூடு வாங்கிவைத்தால் எறும்பு வளர்ந்து நிரப்பிக்கொள்ளும் என்பது தவறான கணக்கு. 30 எறும்புக்கு ஆயிரம் எறும்பின் கூட்டைக் கொடுப்பது, நாலு பேர் குடும்பத்தைக் கல்யாண மண்டபத்தில் குடிவைப்பது மாதிரி. பயன்படுத்தாத அறைகளை எறும்பு குப்பைத்தொட்டியாகவும் கழிப்பறையாகவும் ஆக்கிக்கொள்ளும், அந்தக் குப்பை நம் ஈரத்தில் இரண்டே நாளில் வெள்ளையாகப் பூக்கும். குடியேறும்போது கூட்டில் பாதி இடமாவது நிரம்ப வேண்டும். அறையின் உயரம் எறும்பு நிற்கும் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும், கட்டெறும்புக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர், பொடி இனங்களுக்கு 4, 5 மில்லிமீட்டர். உயரம் கூடினால் பாதுகாப்பாக உணராது. இணைப்புக் குழாயின் உள் அகலத்தை மறக்காதீர்கள், சாதா வேலையாள் நுழையும் குழாயில் ராணியின் வயிறு நுழையாமல் போகும். பெரிய எறும்புக்கு 10 மில்லிமீட்டராவது வேண்டும்.

ஆறாம் படி: ஈரம் எங்கே, எவ்வளவு

கூடு முழுக்க ஒரே ஈரமாக இருக்கக் கூடாது. ஒரு முனை ஈரம், மறு முனை காய்ந்தது என்று இருந்தால் எறும்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், பொதுவாக முட்டையையும் சின்னப் புழுவையும் ஈரப்பக்கமும், பியூப்பாவை, அதாவது கூட்டுப்புழுவை, காய்ந்த பக்கமும் அடுக்கும். அதனால் நீர் ஊற்றும் இடம் கூட்டின் நடுவில் இருந்தால் அந்தக் கூட்டை வாங்காதீர்கள், ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஈரப்பதமானி வாங்கத் தேவையில்லை, குஞ்சுகளை எங்கே வைத்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு காற்றுத் துளைப் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஈரம் கூடிவிட்டது. மொத்தக் கூட்டமும் நீர்ப்பட்டையை ஒட்டி அடைந்து கிடந்தால் காய்ந்துவிட்டது. திங்கள்கிழமை தோறும் 5 மில்லி என்று நாள்காட்டி பார்த்து ஊற்றுகிற பழக்கம்தான் இங்கே கூடுகளைக் கெடுக்கிறது. மழைக்காலத்தில், செப்டம்பர் அக்டோபர் வாக்கில், சில வாரம் ஒரு சொட்டும் தேவைப்படாது. ஜனவரி பிப்ரவரி வறட்சியில் அடிக்கடி கேட்கும்.

ஏழாம் படி: வெளிப்பெட்டியும் அரணும்

எறும்பு தூங்குவதற்குக் கூடு, உலாவவும் சாப்பிடவும் வெளிப்பெட்டி. இரண்டு ரிங்கிட் கடையில் கிடைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பாவே தாராளம், மூடியில் பெரிய ஓட்டை வெட்டி நுண்ணிய எஃகு வலை ஒட்டுங்கள். சாப்பாட்டைக் கூட்டுக்குள் வைக்காதீர்கள், எப்போதும் வெளிப்பெட்டியில்தான், மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

மேல் விளிம்பில் எறும்பு ஏறாமலிருக்கத் தடுப்பு வேண்டும். ஃபுளூவான் என்ற திரவம் பிரபலம், ஆனால் ஈரக் காற்றில் அதன் வழுக்கல் குறையும், விலையும் அதிகம். டால்கம் பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பஞ்சால் மூன்று விரல் அகலத்துக்குப் பூசினாலும் வேலை செய்யும், ஈரம் பட்டால் மறுபடி பூச வேண்டும். ஒரு எச்சரிக்கை: லேசரில் வெட்டிய அக்ரிலிக் பெட்டியில் ஆல்கஹால் பட்டால் வெட்டிய ஓரங்களில் மயிரிழை விரிசல் ஓடும். அக்ரிலிக் என்றால் பேபி ஆயிலை மிக மெல்லியதாகத் தடவுங்கள், வழியக் கூடாது.

உள்ளேயிருந்து தப்புவதைவிட வெளியிலிருந்து வருவது பயங்கரம். ஒன்றரை மில்லிமீட்டர் பொடி எறும்பும் பார்வோன் எறும்பும் தேன் வாசனை பிடித்து ராத்திரியோடு ராத்திரியாக வரிசை கட்டி வரும், காலையில் பார்த்தால் உங்கள் புழு, முட்டை எதுவும் இருக்காது. இதற்குப் பாட்டி காலத்து வழியே போதும், பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதேதான். கூட்டையும் பெட்டியையும் ஒரு சிறு தட்டுமேடையில் வைத்து, மேடையின் கால்களைக் கிண்ணங்களில் வையுங்கள். மேடை சுவரையோ திரைச்சீலையையோ மின்கம்பியையோ தொடக் கூடாது, ஒரு நூல் தொட்டால்கூடப் பாலம் ரெடி. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் மேற்பரப்பு பிடிமானம் உடைந்து எறும்பு மூழ்கும், கொசுவும் அதில் பிழைக்காது. இதில் சோம்பல் படாதீர்கள், வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. வாரம் இரண்டு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

எட்டாம் படி: வாங்கும்போது, வந்து சேர்ந்ததும்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில: வலைக்கண் எவ்வளவு, குழாயின் உள் அகலம் என்ன, மூடி காந்தமா திருகா, பிறகு இதோடு இன்னொரு கூட்டை இணைக்க முடியுமா. பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பொட்டலம் வந்ததும் வெறும் கூட்டில் சோதியுங்கள். மூடியைப் போட்டு எல்லா இடுக்கிலும் ஒரு தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள், தாள் தாராளமாக நுழையும் இடத்தில் பொடி வேலையாளும் நுழையப் பார்க்கும். நீர் அறையை நிரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கள், எறும்பு அறைக்குள் குளம் கட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெந்நீரில் கழுவ வேண்டாம், வெதுவெதுப்பான நீர் போதும், சோப்பு வேண்டாம்.

ஒன்பதாம் படி: குடியேற்றம்

குழாயைக் கவிழ்த்து எறும்பைத் தட்டிக் கொட்டுவதுதான் எல்லாரும் செய்ய நினைப்பது. செய்யாதீர்கள், ராணிக்கு அடிபடும், முட்டைகள் சிதறும். பழைய டெஸ்ட் டியூபை அப்படியே வெளிப்பெட்டியில் படுக்கவைத்து வாய்ப் பஞ்சை எடுத்துவிடுங்கள், அல்லது நேராகப் புதுக் கூட்டின் வாயோடு இணையுங்கள். புதுக் கூட்டை இருட்டாக மூடி, ஈரமாக்கி வையுங்கள். பழைய குழாயை அறை வெளிச்சத்தில் திறந்து விடுங்கள், விளக்கைக் கிட்டத்தில் வைத்துச் சுட வேண்டாம். சில கூட்டம் அன்றிரவே மாறும், சில இரண்டு மூன்று வாரம் எடுக்கும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அவசரமே இல்லை, குழாய் காயக் காய அவையே கிளம்பும். மாறிய பிறகு சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பார்க்கலாம், சிவப்பு ஒளி எறும்புக்கு மிக மங்கலாகத்தான் தெரியும்.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கூட்டைக் காலி செய்யவோ பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைக்கவோ தேவையில்லை. நீர் அறை நிரம்பியிருக்கட்டும், வெளிப்பெட்டியில் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிப் பஞ்சு அடைத்த சிறு குழாய் ஒன்று போதும், செத்த பூச்சி எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிளம்பும் முன் கிண்ணங்களின் சோப்புத் தண்ணீரைப் புதிதாக்குங்கள்.

கூட்டம் பெருகி எல்லா அறையிலும் தலை தெரிய ஆரம்பித்தால் பழையதைத் தூக்கிப்போட்டுப் பெரியது வாங்காதீர்கள், இரண்டாவது கூட்டை வெளிப்பெட்டியின் மறுபக்கம் இணையுங்கள். பாதி தானாக அங்கே போகும். பிறகு முதல் கூட்டில் பூசணம் பிடித்தாலும் அதைக் காயவிட்டு வெளிச்சம் காட்டினால் எல்லாம் இரண்டாவதுக்கு ஒதுங்கும், நீங்கள் கழற்றிக் கழுவி, பிளாஸ்டர் தரையைச் சுரண்டிப் புதிதாக ஊற்றி, காய்ந்ததும் திரும்ப மாட்டலாம்.